கண் முன்னாடிதானே இருந்தது, எப்படித் தெரியாமல் போகும்?

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "கண்ணில் படுவதில் கொஞ்சம்தான் மனதில் படுகிறது, எது படும் என்பதைக் கவனம்தான் முடிவு செய்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

என் வீட்டுக்காரர் எதைத் தேடினாலும் "காணோம்" என்பார். நான் போய்ப் பார்த்தால் அதே ஷெல்ஃபில், அவர் மூக்குக்கு நேராக இருக்கும். போன வாரம் மஞ்சள் தூள் டப்பா. எடுத்துக் காட்டினால், "அங்கே இல்லவே இல்லை, நீதான் இப்போது கொண்டுவந்து வைத்தாய்" என்று என் மேலேயே பழி போடுகிறார். சோம்பேறித்தனத்தில் நடிக்கிறாரா, இல்லை கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டுமா?
— வாசகி, திருவண்ணாமலை

இரண்டும் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் அம்மா. (நடிப்பு துளிகூடக் கிடையாது என்று நான் ஜாமீன் கொடுக்க மாட்டேன்.)

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1999இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் வீடியோ. வெள்ளைச் சட்டைக்காரர்கள் மூன்று பேர், கறுப்புச் சட்டைக்காரர்கள் மூன்று பேர், ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே அவரவர் அணிக்குள் கூடைப்பந்தைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். வெள்ளை அணி எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறது என்று எண்ண வேண்டும், அதுதான் பார்ப்பவருக்குக் கொடுத்த வேலை. பாதியில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் நிதானமாக நடந்து வந்து, ஆட்டக்காரர்களுக்கு நட்டநடுவில் நின்று, நம்மைப் பார்த்து மார்பில் தட்டிக்கொண்டு, அந்தப் பக்கமாகப் போய்விடுவார். மொத்தம் 9 விநாடி திரையில் இருக்கிறார். பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியவில்லை. வீடியோவைத் திரும்பப் போட்டுக் காட்டியபோது சிலர், "இது வேற கேசட், மாற்றிவிட்டீர்கள்" என்று சண்டைக்கே வந்தார்களாம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் அதுதான் இல்லையா?

உங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. கறுப்பு அணியை எண்ணச் சொன்னவர்களில் அதிகம் பேர் கொரில்லாவைப் பார்த்தார்கள், ஏனென்றால் கொரில்லாவும் கறுப்பு. பிறகு கணினித் திரையில் வெறும் உருவங்களை நகரவிட்டுச் செய்த சோதனையில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது: கறுப்பு உருவங்களைப் பின்தொடரச் சொன்னால் திடீரென்று குறுக்கே வருகிற கறுப்புக் குறியை அநேகமாக எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள், அதே இடத்தில் வெள்ளைக் குறி வந்தால் அநேகமாக யாருக்கும் தெரிவதில்லை. ஆக, மனதில் என்ன நிறத்தை வைத்துக்கொண்டு தேடுகிறோமோ அந்த நிறம்தான் சிக்கும், மற்றதெல்லாம் கண்ணில் விழுந்தும் விழாத கணக்கு. நீங்கள் அண்மையில் மஞ்சள் தூளைப் பச்சை மூடி டப்பாவில் இருந்து சிவப்பு மூடி டப்பாவுக்கு மாற்றினீர்களா, யோசித்துப் பாருங்கள். மாற்றியிருந்தால் அவரை மன்னித்துவிடலாம். மாற்றவில்லை என்றால், அடுத்த முறை "மேல் தட்டு, சிவப்பு மூடி" என்று சொல்லி அனுப்புங்கள், அப்படியும் கிடைக்கவில்லை என்றால் நடிப்புதான்.

அந்தக் கொரில்லா வீடியோவை நான் எப்போதோ பார்த்துவிட்டேன். இனிமேல் என்னை ஏமாற்ற முடியாது!
— வாசகர், சேலம்

அப்படி நினைப்பவர்களுக்காகவே சைமன்ஸ் 2010இல் இன்னொரு வீடியோ எடுத்தார். விஷயம் தெரிந்தவர்கள் கொரில்லாவைத் தவறாமல் கண்டுபிடித்தார்கள். அதே வீடியோவில் பின்னால் தொங்குகிற திரைச்சீலையின் நிறம் மாறுகிறது, கறுப்பு அணியில் ஒருவர் ஆட்டத்தை விட்டே வெளியே போகிறார், அதை அவர்களில் பெரும்பாலோர் கோட்டை விட்டார்கள். ஒன்றுமே தெரியாமல் வந்தவர்களைவிட இவர்கள் ஒன்றும் அதிகமாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

வாழ்நாளில் பார்த்தது அத்தனையும் மூளையில் எங்கேயோ பதிவாகிக் கிடக்கிறது, ஹிப்னாடிசம் செய்தால் அப்படியே வெளியே வரும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
— கல்லூரி மாணவர், கோவை

கட்டணம் கட்டிப் போன வகுப்பா தம்பி? பாதியையாவது திருப்பிக் கேளுங்கள்.

ஒரு சின்னப் பரீட்சை. பர்சை எடுக்காமல் பதில் சொல்லுங்கள். இப்போது புழங்குகிற காபி நிறப் பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம்? அதே பக்கத்தில் வரிசையாகப் பல மொழிகளில் மதிப்பு எழுதியிருக்குமே, மொத்தம் எத்தனை மொழி, அதில் தமிழ் எத்தனையாவது வரி? படம் கொனாரக் சூரியன் கோவில். மொழிகள் 15, தமிழ் 13ஆவது, அதாவது கீழிருந்து மூன்றாவது. (ஆங்கில அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், அதனால்தான் அசாமி முதலில், உருது கடைசியில்.) ஆயிரக்கணக்கான முறை கையில் வாங்கியிருப்பீர்கள், ஆனால் பத்து ரூபாய் என்று தெரிந்துகொள்ள நிறமும் எண்ணும் போதும், அதற்கு மேல் கவனிக்க வேண்டிய தேவை வந்ததே இல்லை. 1979இல் அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் இருவரும் இதையே அவர்கள் ஊர் ஒரு சென்ட் காசை வைத்துச் செய்தார்கள். நினைவிலிருந்து வரையச் சொன்னால் பெரும்பாலோர் தடுமாறினார்கள். சரி, வரைவது கஷ்டம் என்று 15 படங்களைக் கொடுத்து உண்மையான காசு எது என்று காட்டச் சொன்னார்கள், அப்போதும் பாதிப் பேருக்கு மேல் தவறவிட்டார்கள்.

இத்தனைக்கும் கண்ணுக்கே எல்லாவற்றையும் துல்லியமாகப் பார்க்கிற வசதி கிடையாது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அந்த அளவு இடம்தான் ஒரு நேரத்தில் கூர்மையாகத் தெரியும். விநாடிக்கு மூன்று நான்கு முறை கண் தாவித் தாவி வேலை செய்வதால் எல்லாமே தெளிவாகத் தெரிவதாக நமக்குத் தோன்றுகிறது. அப்படிப் பார்த்ததிலும் ஒரே சமயத்தில் மனதில் பிடித்து வைக்க முடிவது மூன்று நான்கு பொருள்களைத்தான், இது 1997இல் லக், வோகல் என்பவர்கள் செய்த சோதனைகளில் இருந்து நிலைபெற்ற கணக்கு.

ஆனால் கவனித்துப் பார்த்துவிட்டால் கதையே வேறு. 1973இல் லயனல் ஸ்டேண்டிங் என்பவர் ஆளுக்கு 10,000 படங்களை, ஒவ்வொன்றையும் சில விநாடிகள், நாள்கணக்கில் காட்டினார். பிறகு பார்த்த படம் ஒன்று, பார்க்காதது ஒன்று என்று ஜோடியாக வைத்து, எது பழையது என்று கேட்டபோது 83 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அந்த இடத்தில் நினைவாற்றல் மலைக்க வைக்கிறதுதான், மறுக்கவில்லை.

ஹிப்னாடிசம் என்ன செய்கிறது என்றால், அதிகம் பேச வைக்கிறது. கூடுதலாக வருகிற தகவலில் சரியும் தவறும் கலந்தே வரும், சொல்பவருக்கு மட்டும் எல்லாமே உறுதியாக நடந்ததாகத் தோன்றும். அது ஆபத்து.

இதெல்லாம் சாதாரண ஜனங்களுக்கு. வருஷக்கணக்கில் அதே வேலையைச் செய்கிற நிபுணர்களின் கண்ணில் இருந்து தப்புமா?
— ஆய்வுக்கூட ஊழியர், தஞ்சாவூர்

தப்பும், அதுவும் அவர்கள் துறையிலேயே. 2013இல் பாஸ்டனில் டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரமி உல்ஃப் மூவரும் 24 ரேடியாலஜிஸ்ட்களை (ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்கிற டாக்டர்களை) உட்கார வைத்து நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொடுத்தார்கள். புற்றுநோய்க்கு அறிகுறியாகிற சின்னச் சின்ன முடிச்சுகளைத் தேட வேண்டும், அவர்கள் தினமும் செய்கிற வேலைதான். கடைசி ஸ்கேனில் நுரையீரலுக்கு உள்ளே கையை ஓங்கி நிற்கிற ஒரு கொரில்லாப் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள், தேடச் சொன்ன முடிச்சுகளின் சராசரி அளவைப் போல 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் பார்க்கவில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 20 அல்ல. கண் எங்கே போகிறது என்பதைக் கருவி வைத்துக் குறித்துக்கொண்டே வந்தார்கள், அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை நேராகக் கொரில்லாவின் மேலேயே விழுந்திருக்கிறது. பார்க்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது, பார்த்தார்கள், ஆனால் வெள்ளையாக உருண்டையாக ஏதாவது இருக்கிறதா என்று தேடிய மனதுக்குக் கறுப்பாக, பெரிதாக இருந்தது ஒரு பொருட்டாகப் படவில்லை.

நிபுணர்களுக்கு நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: மருத்துவப் பயிற்சி இல்லாத 25 பேரிடம் அதே ஸ்கேனைக் கொடுத்தபோது ஒருவர்கூடக் கொரில்லாவைப் பார்க்கவில்லை. ஆக அனுபவம் கொஞ்சம் உதவுகிறது, முழுக்கக் காப்பாற்றுவதில்லை. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும்போது "நுரையீரல்" என்று மட்டும் எழுதாமல், நோயாளிக்கு என்னென்ன தொந்தரவு என்று டாக்டர்கள் விவரமாக எழுதுவதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

பைக்கில் போகும்போது ஹெட்செட் போட்டுக்கொண்டு பேசினால் பரவாயில்லைதானே? கை இரண்டும் ஹேண்டில்பாரில்தான் இருக்கிறது.
— வாசகர், ஓசூர்

கை இருக்கிறது, கவனம் இல்லையே. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் 2001இல் இருந்து கார் ஓட்டுகிறவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், போனைக் கையில் பிடித்துப் பேசினாலும் கையில் பிடிக்காமல் பேசினாலும் சிக்னலைத் தவறவிடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓட்டும்போது கண் நேராகப் பார்த்த விளம்பரப் பலகைகளைக்கூடப் பேசிக்கொண்டு ஓட்டியவர்களுக்குப் பிறகு சரியாக அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவராவது எதிரே லாரி வந்தால் வாயை மூடிக்கொள்வார், போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது.

நான் ஓய்வுபெற்ற காவலர். கோர்ட்டில் குறுக்கு விசாரணையில், "பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறாய், பார்க்கவில்லை என்றால் யார் நம்புவது?" என்று சாட்சியை மடக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் அந்தச் சாட்சி உண்மையே பேசியிருக்கலாம் போலிருக்கிறதே?
— மதுரை

பேசியிருக்கலாம் ஐயா. உங்கள் துறையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது, பாஸ்டன் நகரில், 1995 ஜனவரி மாதம். நள்ளிரவு தாண்டி, துப்பாக்கிச்சூட்டில் சம்பந்தப்பட்டவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களின் காரை போலீஸ் துரத்துகிறது. கார் ஒரு முட்டுச்சந்தில் நின்றதும் உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடுகிறார்கள். மைக்கேல் காக்ஸ் என்ற கறுப்பின அதிகாரி, மஃப்டியில் இருந்தவர், முதலில் துரத்திக்கொண்டு வேலி வரை போகிறார், அவரையே குற்றவாளி என்று நினைத்துச் சக போலீஸ்காரர்கள் பின்னால் இருந்து பிடித்து அடி நொறுக்கிவிட்டார்கள். கென்னத் கான்லி என்ற இன்னொரு போலீஸ்காரர், காக்ஸ் துரத்திய அதே குற்றவாளியைத் துரத்திக்கொண்டு அந்த வழியாகவே ஓடி, வேலியைத் தாண்டிக் குதித்து, ஆளைப் பிடித்தும் விட்டார். விசாரணையில் அவர், "அடி விழுந்ததை நான் பார்க்கவே இல்லை" என்றார். சகாக்களைக் காட்டிக்கொடுக்காமல் பொய் சொல்கிறார் என்று 1998இல் அவருக்குத் தண்டனை கொடுத்தார்கள். பிற்பாடு அது ரத்தானது, ஆனால் வேறு காரணத்துக்காக: அரசுத் தரப்பு சில ஆவணங்களை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் வைத்திருந்தது.

அப்படிப் பார்க்காமல் போவது சாத்தியமா என்பதை, அதே சாப்ரிஸும் சைமன்ஸும் இன்னும் இருவரோடு சேர்ந்து 2011இல் தெருவிலேயே சோதித்தார்கள். முன்னால் ஓடுகிற ஆளைத் தொடர்ந்து ஓட வேண்டும், அவர் எத்தனை முறை தலையைத் தொடுகிறார் என்று எண்ண வேண்டும். வழியோரமாக மூன்று பேர் கத்திக்கொண்டு அடிதடி நடத்துவார்கள், எல்லாம் ஏற்பாடு செய்ததுதான். இரவில் ஓடியவர்களில் 35 சதவீதம் பேர்தான் சண்டையைக் கவனித்தார்கள். இருட்டு என்று தள்ளிவிடலாம், பகலில் செய்தபோதும் 56 சதவீதம்தான்.

இதைக் காட்டிப் "பார்க்கவில்லை" என்கிற எல்லோரையும் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, போலீஸில் மூடி மறைப்பது உண்டு என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பாஸ்டனில் காக்ஸை அடித்ததற்காகக் குற்றவியல் தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. (அடி வாங்கிய காக்ஸ் 2022இல் அதே பாஸ்டன் போலீஸுக்கு கமிஷனராக வந்தார்.) ஆனால் "பக்கத்தில் இருந்தாய், ஆகவே பார்த்திருக்க வேண்டும்" என்ற வாதம் மட்டும் நிற்காது. எதிர்ப்பக்கமும் யோசியுங்கள்: கையில் ஆயுதம் இருந்தால் கண் ஆயுதத்திலேயே நிற்கும். 1987இல் எலிசபெத் லாஃப்டஸ் குழு செய்த சோதனையில், காசாளரிடம் செக் நீட்டியவனைவிடத் துப்பாக்கி நீட்டியவனின் முகத்தை அடையாளம் காட்டுவதுதான் கடினமாக இருந்தது. "இத்தனை பயங்கரம், முகம் மறக்குமா?" என்று சாட்சி சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்கலாம்.

கவனிக்காததை நாம் உணரவே இல்லையா, அல்லது உணர்ந்து அடுத்த நொடியே மறந்துவிட்டோமா? தத்துவக் கேள்வி என்று ஒதுக்காதீர்கள்.
— ஆசிரியை, யாழ்ப்பாணம்

ஒதுக்கவில்லை டீச்சர், இந்த வாரத்தின் நல்ல கேள்வியே இதுதான். ஆராய்ச்சியாளர்களே இதில் இரண்டு கட்சி.

1960இல் ஜார்ஜ் ஸ்பெர்லிங் மூன்று வரிசையில் 12 எழுத்துகளை ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார். சொல்லச் சொன்னால் நான்கைந்துக்கு மேல் வரவில்லை. ஆனால் பார்த்தவர்கள் "எல்லாம் தெரிந்தது, சொல்வதற்குள் போய்விட்டது" என்றார்கள். ஸ்பெர்லிங் அதை நம்பி ஒரு வழி கண்டுபிடித்தார்: எழுத்துகள் மறைந்த பிறகு ஒரு ஒலி, உச்ச ஸ்தாயி என்றால் மேல் வரிசை, நடு என்றால் நடு, கீழ் என்றால் கீழ் வரிசையை மட்டும் சொல்ல வேண்டும். எந்த வரிசையைக் கேட்டாலும் நான்கில் மூன்று எழுத்தைச் சொன்னார்கள். எது கேட்கப்படும் என்று முன்கூட்டித் தெரியாது, ஆகவே அந்த ஒரு கணம் பெரும்பாலான எழுத்துகள் உள்ளே இருந்திருக்க வேண்டும், கவனம் எந்த வரிசைக்குப் போனதோ அது தங்கியது, மற்றவை ஒரு விநாடிக்குள் கரைந்துவிட்டன. நெட் பிளாக் போன்ற தத்துவவாதிகள் இதை வைத்து, அனுபவம் பெரியது, சொல்ல முடிவதுதான் சிறியது என்கிறார்கள். டேனியல் டெனட் வழி வந்தவர்கள், "எல்லாம் தெரிந்தது" என்பதே மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்பார்கள். அண்மையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கொரில்லா மாதிரியே எதிர்பாராத ஒன்றைத் திரையில் காட்டிவிட்டு, "புதிதாக எதையும் பார்க்கவில்லை" என்று சொன்னவர்களிடமே "சரி, குத்துமதிப்பாகச் சொல்லுங்கள், அது இடப்பக்கமா வலப்பக்கமா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். வெறும் அதிர்ஷ்டத்தில் வருவதைவிட அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள். ஆகவே கொரில்லா விஷயத்தில் "முழுக் குருடு" என்று நாங்கள் எல்லோரும் எழுதுவது கொஞ்சம் மிகைதான்.

ஆனால் கவனம் இல்லாவிட்டால் நினைவில் இருப்பதுகூட அனுபவத்துக்கு வராது என்பதற்கு மிலான் நகரத்து நோயாளிகள் இருவர் போதும். வலப்பக்க மூளை பாதித்து, இடப்பக்கத்தைக் கவனிக்கிற சக்தியை இழந்தவர்கள், இந்தக் குறை கவனத்தில், கண்ணில் இல்லை. பிசியாக், லுட்சாட்டி என்ற ஆய்வாளர்கள் 1978இல் எழுதியது. அவர்கள் ஊர் பெரிய தேவாலயச் சதுக்கத்தில், தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்து அங்கே இருப்பதையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டிடங்கள் மட்டும் வந்தன. இப்போது தேவாலய வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உடனே, சற்று முன்பு விட்டுப்போன கட்டிடங்கள் வரிசையாக வந்தன, முதலில் சொன்னவை காணாமல் போயின. சதுக்கம் முழுவதும் நினைவில் இருந்திருக்கிறது. எந்தப் பாதி மனக்கண்ணில் தோன்றலாம் என்பதை மட்டும் கவனம் வெட்டிவிட்டது.

மூன்று நான்கு பொருள்தான் மனதில் நிற்கும் என்றால், எங்கள் ஊர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் நூறு காரியங்களை ஒரே நேரத்தில் கவனித்தது எப்படி?
— வாசகர், நாகர்கோவில்

பாவலர் பிறந்த எடலாக்குடி உங்கள் ஊரில்தானே, விடுவீர்களா! பாவலர் 1907 மார்ச் 10இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்தார். அவதான அரங்கில் ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் தேதி சொல்லிக் கிழமை கேட்பார், ஒருவர் நடுநடுவே மணியடிப்பார், ஒருவர் முதுகில் கல்லோ பூவோ எறிந்துகொண்டிருப்பார், கடைசியில் எல்லாவற்றுக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டும். இது கட்டுக்கதை இல்லை. ஆனால் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகின்றன, அவதானியின் கவனம் மின்னல் வேகத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது, விட்ட இடத்தை மறக்காமல் திரும்பி வருகிறது. எதுகையும் மோனையும் அடுத்த சொல்லைத் தானாக இழுத்துக்கொண்டு வரும் அளவுக்கு யாப்பு ஊறிய ஆளுக்கு, ஒரு வெண்பா முழுவதும் ஒரே பொருள்தான். நமக்குத்தான் அது பதினைந்து சீர்.

இதற்கு 1980இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு நல்ல துணை. ஒரு சாதாரணக் கல்லூரி மாணவர், ஒருமுறை கேட்டு ஏழு இலக்கம் திருப்பிச் சொல்லக்கூடியவர், ஒன்றரை வருஷத்துக்கு மேல் பயிற்சி செய்து 79 இலக்கம் சொல்லுகிற நிலைக்கு வந்தார். அவர் ஓட்டப்பந்தயக்காரர், இலக்கங்களை மூன்று நான்காகச் சேர்த்துப் பந்தய நேரங்களாக மாற்றிக்கொண்டார். எண்களை விட்டு எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறுக்கு வந்துவிட்டார்!

கோவில், அருவி என்று போனால் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். படம் எடுத்தால் நினைவில் நன்றாக நிற்குமா?
— வாசகி, தென்காசி

லிண்டா ஹென்கெல் என்பவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படம் எடுத்துக்கொண்டே போனவர்களுக்கு, எடுத்த பொருள்கள் வெறுமனே பார்த்த பொருள்களைவிடக் குறைவாகவே நினைவில் இருந்தன. ஏதாவது ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுக்கச் சொன்னபோது அந்தக் குறை வரவில்லை, ஜூம் செய்யாத பகுதிகூட நினைவில் இருந்தது. குற்றாலத்தில் அருவி மொத்தத்தையும் சட்டென்று ஒரு கிளிக் அடித்துவிட்டுப் போனைப் பைக்குள் போடுவதற்குப் பதிலாக, எந்தப் பாறையில் தண்ணீர் மோதித் தெறிக்கிறது என்று பார்த்து அதை எடுக்கலாம். போன் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.